ஹட்டனில் சபையில் பேர் கொடுக்கணுமா?

நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகி இலங்கை மலையகத்து ஹட்டனுக்கு வந்திருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஊர் சபை ஆராதனையை ஞாயிறுதோறும் போனில் பார்த்துவிடுகிறேன். அப்பப்போ இங்கே பக்கத்துச் சர்ச்சுக்கும் போகிறேன். இது போதாதா? இங்கேயும் சபையில் பேர் கொடுத்து அங்கத்தினராகத்தான் ஆகணுமா?”

கொடுங்கள் தங்கச்சி. நானும் நாசரேத் பக்கத்திலிருந்து இந்த மலைக்கு வாக்கப்பட்டு வந்தவள்தான்.

முதலில் உங்களைக் குழப்பும் ஒரு விஷயம். நம்ம ஊரில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைப் பிரிவுகள் எல்லாம் 1947-இல் சேர்ந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆகிவிட்டன. இங்கே அந்த ஐக்கியம் கைகூடவில்லை. இங்கே சி.எஸ்.ஐ. என்றால் யாழ்ப்பாண ஆதீனம்தான் (நம்ம ஊரில் பேராயம் என்போமே, அது). மலையகத்தில் ஆங்கிலிக்கனும் மெதடிஸ்டும் இன்னும் தனித்தனி. எதில் சேர்வது என்று மண்டையை உடைக்காதீர்கள். தமிழ் ஆராதனை இருக்கிறதா, ஜூன், ஜூலை மழையில் நடந்து போக முடிகிறதா, அதைப் பாருங்கள். புகுந்த வீட்டார் போகும் சபை என்றால் இன்னும் நல்லது.

இங்குள்ள சபைகளும் நமக்கு அந்நியமில்லை. 1854-இல் தோட்டங்களில் மிஷன் ஊழியம் தொடங்கியபோது திருநெல்வேலிச் சீமையிலிருந்துதான் உபதேசியார்களை, அதாவது போதகருக்குத் துணையாக ஜெபித்துப் போதிக்கும் ஊழியர்களை, வரவழைத்தார்கள். அந்த மிஷனின் பெயர் ‘தமிழ் கூலி மிஷன்’. அந்தப் பெயரை இன்றைக்கு வாசித்தாலும் எனக்கு உறுத்தும். ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்கு, லயம் லயமாக நடந்து ஜெபித்தவர்கள் நம்ம ஊர்க்காரர்கள்.

சரி, பேர் கொடுப்பதால் என்ன? என் மாமனார் இறந்தது அடைமழைக் காலம். நாலைந்து தோட்டங்களுக்கு ஒரே போதகர். அவர் வந்து சேர நேரமாகும். அதற்குள் உபதேசியார் வந்து ஜெபித்து, யார் குழி வெட்டுவது, யார் கடைக்குப் போவது என்று ஆளுக்கொரு வேலை பிரித்துவிட்டார். கொழுந்தெடுத்து வந்த பெண்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் எங்கள் அடுப்பைப் பற்றவைத்தார்கள். மறுநாள் வாலிபர் சங்கத்துப் பையன்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, வழுக்கும் தேயிலைப் பாதையில் பெட்டியைத் தோளில் சுமந்து மயானம் வரை ஏறினார்கள். நாங்கள் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. போனில் ஓடும் ஆராதனை எவ்வளவு அருமையாக இருந்தாலும் பெட்டி தூக்க வராது.

அதே மாதிரி அடுத்த வீட்டுச் சாவுக்கு நீங்களும் போய் வெங்காயம் உரிக்க வேண்டும். விருந்தாளியாக இருக்கும்வரை ‘இந்தியாக்கார அக்கா’ என்று நாற்காலி போட்டுத் தேத்தண்ணி தருவார்கள். பேர் கொடுத்த பிறகு கோயில் கூட்டும் முறை உங்களுக்கும் வரும். இரண்டு ஞாயிறு காணவில்லையென்றால் ஏன் என்று கேட்பார்கள். “சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல” என்று எபிரெயரில் வாசிக்கிறோமே, அதே வசனம் ஒருவருக்கொருவர் புத்தி சொல்லவும் சொல்கிறது. புத்தி சொல்ல ஆள் பக்கத்தில் இருக்க வேண்டாமா? ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருக்கும்.

காணிக்கையில் மட்டும் கவனம். நாட்சம்பளக்காரர்கள் சம்பளத்தன்று எடுத்துவைக்கும் காசில் நடக்கும் சபைகள் இவை. நீங்கள் பெரிய தொகையாகப் போட்டுப் பேர் வாங்கப் பார்க்காதீர்கள். சிறியதானாலும் மாதாமாதம் கொடுங்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் லீக்ஸ் கீரைக்கட்டைப் போட்டிபோட்டு விலையேற்றுவது வேறு விஷயம், அது சந்தோஷத்துக்கு.

சண்டையும் உண்டு. டவுன்காரர் ஒரு பக்கம், தோட்டத்துக்காரர் ஒரு பக்கம் என்று உட்காரும் வழக்கம் சில இடங்களில் இன்னும் போகவில்லை. எனக்கு அது பிடிக்காது, பொதுக்கூட்டத்தில் எழுந்து சொல்லியும் இருக்கிறேன். வந்துபோகிறவர் சொன்னால் யார் கேட்பார்கள்?

ஊர்ப் போதகரிடம் சபை மாற்றக் கடிதமும், ஞானஸ்நானம், திடப்படுத்தல் சான்றுகளின் பிரதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவிடம் சொன்னால் ஒரே நாளில் முடித்துவிடுவார். கடிதம் வந்ததும் ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு போதகரைப் பாருங்கள். அதற்கு முன்னால் பிடித்தால் அடுத்த தோட்டத்து ஆராதனைக்கு ஓடுகிற அவசரத்தில் கடிதத்தை எங்கேயாவது வைத்துவிடுவார்.