லாரி கம்பெனியில சேர்றதும் கத்துக்கறதும் விட்டு வர்றதும்: வாசகர் கேள்வி, ஸ்டீரிங் அண்ணன் பதில்

லாரி வேலை பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போட்டதுக்கு காரைக்குடி, தேவகோட்டை சுத்துப்பட்டுல இருந்து நிறைய வந்திருக்கு, ஆனா பாதிக்கு மேல சேர்றது எப்படின்னு இல்ல, சேர்ந்த எடத்துல இருந்து வெளிய வர்றது எப்படின்னுதான் கேட்டிருக்கீங்க. பேரு போடவேணாம்னு எல்லாருமே சொல்லியிருக்கறதால ஊரை மட்டும் போட்டிருக்கோம்.

கே: அண்ணே, பையன் பிளஸ் டூ முடிச்சிட்டான், 19 வயசு. லாரிதான் ஓட்டுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். என்ன லைசென்ஸ் எடுக்கணும், எங்க அனுப்பினா ஒழுங்கா கத்துக்குடுப்பாங்க? (ஒரு அம்மா, செக்காலை, காரைக்குடி)

ப: அக்கா, 19 வயசுல அவன் காருக்கு லைசென்ஸ் எடுக்கலாம், லாரிக்கு முடியாது. சரக்கு வண்டியோ பயணிகள் வண்டியோ, வாடகைக்கு ஓடுற எந்த வண்டியையும் ரோட்டுல ஓட்ட 20 வயசு ஆகணும், அதுவும் கார் லைசென்ஸ் கையில வந்து ஒரு வருஷம் ஆனாத்தான் ஹெவிக்கு எல்எல்ஆரே போட முடியும். அதனால இப்பவே கார் லைசென்ஸை எடுக்கச் சொல்லுங்க, சும்மா உக்காந்திருந்தா அந்த ஒரு வருஷம் தள்ளிக்கிட்டே போகும். எட்டாவது படிச்சிருக்கணுங்கிற ரூல் முன்னாடி இருந்துச்சு, 2019ல எடுத்துட்டாங்க. டாக்டர் சர்டிபிகேட் வேணும், டிரைவிங் ஸ்கூல் சர்டிபிகேட்டும் வேணும். கண்ணை ஒழுங்கான எடத்துல காட்டிட்டுப் போங்க, ஏன்னா கையெழுத்து மட்டும் போட்டுக் குடுக்கற டாக்டருக்கு உங்க பையன் நடுராத்திரி எதிர் வண்டி லைட்டைப் பாக்கறது தெரியப்போறதில்ல.

20 ஆனதும் நேரா பத்து வீலுக்கு ஓடவேணாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருக்கற வண்டிய கார் லைசென்ஸ்லயே வாடகைக்கு ஓட்டலாம்னு சுப்ரீம் கோர்ட்டு 2024 நவம்பர்ல தெளிவாவே சொல்லிருச்சு, குட்டி யானையில ஒரு ஆறு மாசம் மார்க்கெட் லோடு அடிச்சா சந்துல ரிவர்ஸ் எடுக்கறது தன்னால வந்துரும். ஹெவி பழக உள்ளூர் டிரைவிங் ஸ்கூல் லைசென்ஸ் வாங்கத்தான் ஒதவும், அவங்க ஓட்டக் குடுக்கறது லோடு இல்லாத பழைய வண்டி. கொஞ்சம் தூரம் போக முடிஞ்சா நாமக்கல்ல அசோக் லேலண்ட் டிரைவர் பயிற்சி மையம் இருக்கு, கும்மிடிப்பூண்டியில சாலைப் போக்குவரத்து நிறுவனத்தோட பயிற்சிப் பிரிவு இருக்கு, ரெண்டையும் நேர்ல போயி விசாரிங்க.

கே: ஹெவி லைசென்ஸ் எடுத்து ஒரு டிரான்ஸ்போர்ட்ல சேர்ந்திருக்கேன். டிரெயினிங்னு சொல்லி சீனியர் டிரைவர் கூட அனுப்புறாங்க, ஆனா அவரு தார்பாய் கட்டவும் டீ வாங்கவும்தான் விடறாரு, ஸ்டீரிங்கைத் தொட விடமாட்டேங்கறாரு. மூணு மாசத்துக்குச் சம்பளம் கிடையாது, படி மட்டும்தானாம். இது சரியா அண்ணே? (புதுவயல்)

ப: தம்பி, ரெண்டு விஷயத்தையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காத.

சம்பளம் இல்லாம வேலை வாங்கறது தப்பு. குறைஞ்சபட்ச கூலி மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கும் உண்டு, டிரெயினிங்னு பேரு வச்சாலும் நீ லோடு ஏத்துற எடத்துல நின்னு, ராத்திரி முழிச்சு, வண்டிக்குக் காவல் இருக்கேல்ல, அது வேலைதான். கிளீனருக்கு என்ன குடுக்கறாங்களோ அதையாச்சும் குடுங்கன்னு கேளு. எத்தனை நாள் டிரெயினிங், அது முடிஞ்சா என்ன சம்பளம்னு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கு, எழுத மாட்டாங்கன்னா அந்தப் பேச்சையே வாட்ஸ்அப்ல ஓனருக்கு நீயா டைப் பண்ணி அனுப்பி "சரிதானே அண்ணாச்சி"ன்னு கேளு, அவரு ஒரு "ம்" போட்டாக்கூட போதும், நாளைக்குக் கணக்குன்னு வரும்போது அது நிக்கும்.

ஆனா தார்பாய் கட்டறதக் கேவலமா நெனைக்காத. உங்க ஊரு ரைஸ் மில்லுல இருந்து கேரளாவுக்கு அரிசி ஏத்திக்கிட்டுப் போறப்ப ஆரியங்காவு ஏறுறதுக்குள்ள மழை புடிச்சிருச்சுன்னா, கயிறு எங்க லூஸா இருக்குன்னு தெரியாதவன் நனைஞ்ச மூட்டைக்கு வாடகையில புடித்தம் குடுத்துட்டுத்தான் திரும்புவான். ஆத்தங்குடி கல்லு ஏத்துனா படுக்க வைக்காம நிக்க வச்சு அடுக்கணும், இடையில வைக்கோல் திணிக்கணும். இதெல்லாம் எந்த ஸ்கூல்லயும் சொல்லமாட்டாங்க. எடைமேடைச் சீட்டை வாங்குனதும் நீயே பாரு, பத்து வீல் வண்டிக்கு லோடோட சேத்து 28.5 டன்தான் கணக்கு, அது 2018ல ஏத்திக் குடுத்தது, அதுக்கு முன்னாடி 25தான். அதுக்கு மேல போனா 20,000 ரூபா அபராதம், கூடுதலா ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஓனர்தான் ஏத்தச் சொன்னாருன்னு சொல்லித் தப்பிக்க முடியாது, ஓட்டுறவன் மேலயும் கேஸ் வரும். ஈவே பில் (சரக்கு கொண்டு போக ஜிஎஸ்டியில ஆன்லைன்ல போடற சீட்டு) வேணுங்கிற லோடா இருந்தா அதுல வண்டி நம்பர் சரியா இருக்கா, எப்ப முடியுதுன்னு பாத்துக்க, 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் கணக்கு, வழியில வண்டி பிரேக்டவுன் ஆகி நின்னா உடனே ஆபீசுக்குச் சொல்லி நீட்டிக்கச் சொல்லணும், முடிஞ்சு எட்டு மணி நேரம் தாண்டிட்டா நீட்டிக்க முடியாது.

சீனியர்கிட்ட நீ கத்துக்கக் கூடாத விஷயமும் ஒண்ணு இருக்கு. எறக்கத்துல டீசல் மிச்சம் புடிக்கறேன்னு நியூட்ரல்ல விடறது, அதுக்கும் மேல போயி இஞ்சினையே ஆஃப் பண்றது. தர்மபுரியில இருந்து சேலம் வர்ற வழியில தொப்பூர் கணவாய்ல இத்தனை விபத்து நடக்கறதுக்கு இது ஒரு பெரிய காரணம். கியர்ல இருந்தா இஞ்சினே வண்டியப் பாதி புடிச்சு நிறுத்தும், நியூட்ரல்ல போட்டா மொத்த எடையும் பிரேக் டிரம் மேல வந்து விழும், டிரம் சூடேறி லைனிங் புடிக்காமப் போயிரும். இஞ்சினை ஆஃப் பண்ணிட்டா பிரேக்குக்கு ஏர், அதாவது காத்து, ஏத்துற கம்ப்ரஸரும் நின்னுருது, ஒவ்வொரு தடவை பிரேக்கை மிதிக்கும்போதும் டேங்க்ல ஏர் குறையுது, பவர் ஸ்டீரிங்கும் கல்லு மாதிரி ஆயிருது. எந்தக் கியர்ல ஏறுவியோ அந்தக் கியர்லயே எறங்குன்னு பழைய டிரைவருக சொல்றத அப்படியே எடுத்துக்க. மிச்சம் பண்ற டீசல் காசுல உனக்கு என்ன பங்குன்னு அந்த சீனியரையே ஒருக்கா கேட்டுப்பாரு.

ஸ்டீரிங் குடுக்க மாட்டேங்கறாருன்னா, காலியா திரும்பி வர்றப்ப பகல்ல, நாலு வழிச் சாலையில கேளு, அப்பத்தான் குடுப்பாரு. ஒரு மாசம் ஆகியும் குடுக்கலைன்னா ஓனர்கிட்ட வேற டிரைவர் கூட அனுப்பச் சொல்லு. அதுக்கும் மசியலைன்னா அங்க டிரெயினிங்லாம் இல்ல, கிளீனருக்கு ஆள் கெடைக்கலைன்னு உன்னைய வச்சிருக்காங்க.

கே: எட்டு மணி நேர வேலைன்னு சட்டம் இருக்காமே, நெசமா? (கல்லல்)

ப: அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற மோட்டார் கம்பெனிக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48, அஞ்சு மணி நேரம் ஓட்டுனா அரை மணி ரெஸ்ட்டுன்னு 1961லயே சட்டம் போட்டாங்க, 2025 நவம்பர்ல அந்தச் சட்டம் புதுத் தொழிலாளர் சட்டத்துக்குள்ள போயிருச்சு. ரோட்டுல அதை நான் பாத்ததில்ல. நீங்களா பாத்து ராத்திரி ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் ஓரங்கட்டிருங்க, லேட்டா வந்தேன்னு திட்டு வாங்கிக்கலாம்.

கே: தங்கச்சி கல்யாணத்துக்கு ஓனர்கிட்ட அட்வான்ஸ் வாங்கினேன். மாசாமாசம் புடிக்கிறேங்கறாரு, எவ்வளவு புடிச்சாரு எவ்வளவு பாக்கின்னு கேட்டா நோட்டைக் காட்ட மாட்டேங்கறாரு. வெத்து புரோநோட்டுல கையெழுத்து வாங்கி வச்சிருக்காரு, ஒரிஜினல் லைசென்ஸும் அவருகிட்டதான் இருக்கு. வேற கம்பெனியில கூப்புடறாங்க. வண்டிய எங்கயாவது பெட்ரோல் பங்க்ல விட்டுட்டு சாவியக் குடுத்துட்டு வந்துரலாமான்னு இருக்கு. (தேவகோட்டை)

ப: மொதல்ல அந்தக் கடைசி யோசனைய விடு தம்பி. லோடோட வண்டிய நடுவழியில விட்டா உன் பக்கம் இருக்கற நியாயமெல்லாம் அன்னைக்கே போயிரும். சரக்கைக் காணோம், டீசலைக் காணோம், ஸ்டெப்னியைக் காணோம்னு ஓனர் ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பாரு, அப்பறம் நீ அட்வான்ஸ் கணக்கைப் பேச முடியாது, ஜாமீனைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருப்ப. அதோட இந்தத் தொழில்ல ஓனருக ஒருத்தருக்கொருத்தர் போன்ல பேசிக்கிட்டேதான் இருப்பாங்க, தேவகோட்டையில வண்டிய விட்டுட்டு ஓடுனவன் பேரு பொன்னமராவதி புக்கிங் ஆபீசுக்கு அன்னைக்குச் சாயங்காலமே போயிரும். நான் புக்கிங் ஆபீஸ் பக்கம் உக்காந்திருக்கேன், அந்தப் போனு எப்படி வருதுன்னு தெரியும்.

கணக்க நீயே போடு. வாங்கின அட்வான்ஸ் எவ்வளவு, எந்த மாசம் எவ்வளவு புடிச்சாரு, எந்த டிரிப்புக்கு எவ்வளவு படி, பாக்கி வச்ச படி எவ்வளவு, வழியில நீ கைக்காசு போட்ட பஞ்சர், பார்க்கிங், ஏத்துக்கூலி எறக்குக்கூலி எல்லாம். டிரிப் ஷீட்டு போட்டோ இருந்தா எடு, ஜிபே ஹிஸ்டரி பாரு, நினைவுல இருக்கறதையும் எழுதிக்க. அதை ஓனருக்கு மரியாதையா அனுப்பி, "என் கணக்குல இவ்வளவு வருது, உங்க நோட்டுல வேற மாதிரி இருந்தா காட்டுங்க"ன்னு கேளு. பெரும்பாலான ஓனருக டிரைவர் கணக்கு எழுதியிருக்கான்னு தெரிஞ்சதுமே பேச்சை மாத்திருவாங்க. பாக்கிய பேங்க்ல போடு, கையில குடுக்காத, கடைசித் தவணை போடறப்ப புரோநோட்டு திரும்ப வந்தாகணும். அதுல தொகை எழுதாம இருந்ததுங்கறதுக்கு உன்கிட்ட ஒண்ணும் இல்ல, அதனால இப்பவே ஒரு மெசேஜ்ல "தொகை போடாம நான் கையெழுத்து போட்ட நோட்டு"ன்னு குறிப்பிட்டு வை.

லைசென்ஸ் விஷயம் அவ்வளவு பெரிசு இல்ல, உன் மனசுலதான் பெரிசா இருக்கு. டிஜிலாக்கர்ல எறக்கிக்க, அதைப் போலீஸும் ஆர்டிஓவும் ஏத்துக்கணும். லைசென்ஸைப் புடிச்சு வச்சா ஆளு போகமாட்டான்னு ஓனருகளுக்கு ஒரு நெனப்பு, அது பழைய காலம். இனிமே எந்தக் கம்பெனியில சேர்ந்தாலும் ஜெராக்ஸ் மட்டும் குடு.

இதையும் தெரிஞ்சுக்க. குடுத்த அட்வான்ஸ் ஒரு கடன், அதைக் கேக்க அவருக்கு உரிமை உண்டு, கோர்ட்டுக்குக்கூடப் போகலாம். ஆனா கடன் தீர்ற வரைக்கும் வேற எங்கயும் போகக்கூடாதுன்னு மிரட்டி, சம்பளமும் சரியாக் குடுக்காம வேலை வாங்கினா அது 1976ல போட்ட கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்கிட்ட வந்து நிக்குது. உங்க ஊர்லயே கோட்டாட்சியர் ஆபீஸ் இருக்கு, அங்க மனு குடுக்கலாம். எடுத்தவுடனே போகச் சொல்லல, பேசிப் பாத்துட்டுப் போ.

வண்டிய ஒப்படைக்கறது ஷெட்டுல, பகல்ல, இன்னொரு ஆளு இருக்கறப்ப. மீட்டர், டீசல் முள்ளு, டயர் நம்பர் ஒவ்வொண்ணும், ஸ்டெப்னி, ஜாக்கி, தார்பாய், கயிறு, ஆர்சி, பர்மிட், எல்லாத்தையும் வீடியோ எடுத்துக்க, ஒரு தாள்ல எழுதி மேனேஜர்கிட்ட கையெழுத்து வாங்கு. ரெண்டு மாசம் கழிச்சு டயர் மாறிப்போச்சுன்னு பேச்சு வரும், வராம இருக்காது. பிஎஃப் புடிச்சிருந்தா உன் யூஏஎன் நம்பரை மறக்காம எடுத்துட்டுப் போ, புதுக் கம்பெனியிலயும் அதே நம்பர்தான். அஞ்சு வருஷம் முடிச்சிருந்து, பத்துப் பேரோ அதுக்கு மேலயோ இருக்கற கம்பெனின்னா வருஷத்துக்குப் பதினஞ்சு நாள் சம்பளம் கிராஜுட்டி வரணும், டிரைவருக்கு அதெல்லாம் கிடையாதுன்னு சொன்னா நம்பாத.

கே: எங்க அத்தை மகன் அமெரிக்காவுல டிரக் கம்பெனியில டிரெயினிங் சேர்ந்தான். ஒரு வருஷம் ஓட்டணும், நடுவுல விட்டா பீஸைக் கட்டணும்னு அக்ரிமெண்ட். இங்கயும் ஒரு கம்பெனி அதே மாதிரி ரெண்டு வருஷம் பாண்டு கேக்குது. போடலாமா? (கானாடுகாத்தான்)

ப: அங்க நடக்கறது வேற. பெரிய வண்டி ஓட்ட சிடிஎல்னு ஒரு லைசென்ஸ், 2022 பிப்ரவரியில இருந்து அதுக்குப் பதிவு பண்ணின பயிற்சி எடத்துல படிச்சாத்தான் ஓட்டிக் காட்டற டெஸ்ட்டுக்கே போக முடியும், அந்தப் பீஸு பெருசு, அதைக் கம்பெனி கட்டிட்டு பதிலுக்கு ஒரு வருஷம் கேக்குது. கிளாஸ் முடிஞ்சதும் பயிற்சியாளர் கூட சில வாரம் ரோட்டுல ஓட்டணும். ஒரு நாளைக்கு 11 மணி நேரத்துக்கு மேல ஓட்ட முடியாது, வண்டியிலயே மெஷின் எழுதிக்கிட்டே வரும். அந்தப் பையன்கிட்ட ஒரு வருஷம் கேக்கறதுக்கு ஒரு கணக்கு இருக்கு.

உங்க கம்பெனி என்ன செலவு பண்ணுதுன்னு கேளுங்க. உங்கள எங்கயாவது பயிற்சிக்கு அனுப்பி, பீஸு கட்டி, அந்த ரசீதைக் காட்டினா பாண்டு போடறதுல தப்பில்ல, ஆனா மாசம் போகப்போக தொகை குறையணும்னு எழுதச் சொல்லுங்க. நம்ம ஒப்பந்தச் சட்டத்துலயும் பாண்டுல எழுதின தொகை உச்சவரம்புதான், அதுக்குள்ள நியாயமான நஷ்டத்தைத்தான் கேக்க முடியும். சீனியர் கூட கேபின்ல உக்கார வச்சதுக்கு ரெண்டு லட்சம்னா, கையெழுத்து போடாதீங்க.

கே: வீட்டுக்காரருக்கு சவுதியில டிரைலர் ஓட்ட வேலைன்னு ஏஜெண்டு ஒன்றரை லட்சம் கேக்கறாரு. (கோட்டையூர்)

ப: பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிப் போன ஊரு நம்மது, வெளிநாடு போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன்மா. ஆனா பதிவு பண்ணின ஏஜெண்டு சர்வீஸ் சார்ஜா 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். இமைக்ரேட்னு அரசாங்க வெப்சைட்டுல அவரு பேரு இருக்கான்னு பாருங்க. சம்பளம், வேலை நேரம், திரும்பி வர டிக்கெட் யாரு போடறது, மூணும் ஒப்பந்தத்துல இருக்கணும். விசாவுல டிரைவர்னு போட்டிருக்கான்னு படிக்கத் தெரிஞ்ச ஆளை வச்சுப் பாருங்க, போன எடத்துல வேற வேலைய நீட்டிருவாங்க.

கே: ஏசி கேபின் எல்லா லாரிக்கும் கட்டாயம் ஆயிருச்சா அண்ணே? (பள்ளத்தூர்)

ப: 2025ல ரூல் அமலுக்கு வந்ததுக்கு அப்பறம் தயாராகி வர்ற, 3.5 டன்னுக்கு மேல உள்ள புது வண்டிக்குத்தான். பழைய வண்டிக்கு இல்ல. நீங்க சேரப்போற கம்பெனியில உங்களுக்கு எந்த வருஷ வண்டி குடுப்பாங்கன்னு கேட்டுட்டுப் போங்க, வாசல்ல நிக்கிற புது வண்டியக் காட்டி ஆள் எடுத்துட்டு ஷெட்டுக்குப் பின்னாடி நிக்கிற வண்டிச் சாவியக் கையில குடுக்கறதும் நடக்குது.