பின்லாந்து இறங்குகிறது, இந்தோனேசியா ஏறுகிறது: காகிதப் பங்கு வாங்கலாமா?

கேள்வி: மண்டபத்தில் கருவாடு பாக்கெட் போட்டு கூரியரில் அனுப்புகிறேன். 2021-ல் அட்டைப்பெட்டி விலை ஏறியதில் நல்ல அடி. இப்போது என் மகன் பின்லாந்து, இந்தோனேசியா இரண்டின் காகிதம், அட்டை ஏற்றுமதியை இருபது வருஷத்துக்குக் கோடு போட்டுக் காட்டுகிறான். ஒன்று இறங்குகிறது, ஒன்று ஏறுகிறது. “இனிமே ஆசியாதாம்மா, நம்ம ஊர் காகித ஆலைப் பங்கை வாங்கு” என்கிறான். கையில் 4 லட்சம் இருக்கிறது. சங்கத்தில் ஒன்றரை லட்சம் நகைக்கடனும் இருக்கிறது. வாங்கலாமா? — ஒரு வாசகி, மண்டபம்

பதில்: தம்பி போட்ட கோடு பொய்யில்லை அம்மா. ஆனால் அது டாலரா, டன்னா என்று கேளுங்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15-க்குப் பிறகு விசைப்படகுகள் கரைக்கு வரும்போது மீன் குவியும், ஏலத்தில் விலை படுத்துவிடும். கிலோ ஏறுகிற அன்றைக்கு ரூபாய் இறங்கும். காகிதமும் அப்படித்தான். 2022-ல் காகித விலை உலகமெங்கும் உச்சத்தில் இருந்தது. அதே வருஷம் பின்லாந்தில் யூபிஎம் என்ற பெரிய காகிதக் கம்பெனியின் ஆலைகளில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை 112 நாள் வேலைநிறுத்தம். டாலர் கோடு ஒன்று சொல்லும், டன் கோடு வேறு சொல்லும்.

பின்லாந்து சரிந்ததும் எல்லாச் சரக்கிலும் இல்லை. பேப்பர், பத்திரிகை படிப்பவர்கள் குறைந்தார்கள். அங்கே கைபோலா என்ற காகித ஆலையை 2020 கடைசியில் மூடினார்கள். ஆனால் ஓலு நகர ஆலை 2021-ல் அச்சுக் காகிதத்தை விட்டுவிட்டு அட்டைப்பெட்டித் தாளுக்கு மாறியது. பின்லாந்து காகிதமாக்காமல் மரக்கூழாகவே விற்பது சுங்கக் கணக்கில் 47-ம் அத்தியாயம்; காகிதமும் அட்டையும் 48. தம்பி 48-ஐ மட்டும் பார்த்திருப்பார்.

இனி முக்கியமான இடம். இந்தோனேசியாவில் அகேசியா மரம் ஐந்தாறு வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடும். பின்லாந்தில் ஒரு மரத்துக்கு அறுபது வருஷமாவது ஆகும். அந்த மலிவுச் சரக்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு இந்தியா போட்டு 2010-ல் நடைமுறைக்கு வந்த ஆசியான் வணிக ஒப்பந்தத்தால், இங்கேயும் குறைந்த வரியில் இறங்குகிறது. ஆக, தம்பி காட்டும் ஏறுகோடு நம்ம ஊர் ஆலைக்குப் போட்டிக்காரனின் கோடு. அதைப் பார்த்து இங்கே பங்கு வாங்குவது, பக்கத்து ஊர்க்காரனுக்கு வலை நிறைந்தது என்று நம் படகுக்கு விலை பேசுகிற கதை.

உங்களை அடித்த 2021 விலையேற்றத்தில் பெரிய கை சீனாவுடையது. அந்த வருஷம் ஜனவரி 1 முதல் கழிவுக் காகித இறக்குமதியை அது அடியோடு நிறுத்தியது. பிறகு நம் ஆலைகள் பழைய காகிதத்தில் செய்த கிராஃப்ட் ரோல்களை, அதாவது அட்டைப்பெட்டிக்கான பழுப்புத் தாளை, வாங்கிப் போனது. இரண்டு நாட்டுக் கோட்டில் அது தெரியவே தெரியாது.

பணத்துக்கு வருவோம். முதலில் நகையை மீட்டுவிடுங்கள். வட்டி கட்டிக்கொண்டே பங்கு வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு லட்சத்தைத் தடைக்காலத்துக்கு வங்கியில் வையுங்கள். அந்த 61 நாளில் மீன் விலை ஏறும், சரக்கு பிடிக்கக் கையில் காசு வேண்டும். மிச்சத்தில் ஒரு லட்சத்தை, பல பெரிய கம்பெனிப் பங்குகளில் பிரித்துப் போடும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் போடலாம், ஏழெட்டு வருஷம் தொடமாட்டேன் என்றால். காகிதப் பங்கு ஆசைக்குப் பத்தாயிரம் போதும், தம்பி பெயரில். படிப்புச் செலவு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மீதியில் பெட்டி வாங்கிப் போடுங்கள், விலை இறங்கியிருக்கும்போது. மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். உங்கள் ஊர் உப்புக்காற்றில் பெட்டி நமுத்து, டேப் ஒட்டாமல் உரிந்து வரும்.