கிட்டாரில் எஃப் மைனர் பிடித்தால் மூன்றாவது தந்தி மட்டும் செத்துப்போகிறது, என் விரல்தான் சரியில்லையா?

ஆறு மாதமாகக் கிட்டார் வாசிக்கிறேன், ஓப்பன் கார்டு (சில தந்திகளை அழுத்தாமல் அப்படியே ஒலிக்கவிடும் ஸ்வரக் கூட்டு) எல்லாம் வருகிறது, எஃப் மேஜர்கூட ஒப்பேற்றிவிடுவேன், ஆனால் எஃப் மைனர் பிடித்தால் மூன்றாவது தந்தி 'டப்'பென்று அடைக்கிறது, விரல் ஒல்லியாக இருப்பதாலா என்று கேட்டிருக்கிறீர்கள். விரலைத் திட்டாதீர்கள். எனக்கும் இதே கார்டு, இதே தந்திதான், நாலு மாதம் போனது.

எஃப் மேஜர், எஃப் மைனர் இரண்டிலும் ஆள்காட்டி விரல் முதல் ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகள் பிரிக்கும் கட்டம்) ஆறு தந்தியையும் குறுக்கே மூடிப் படுத்திருக்கும். தந்திகளை மெல்லியதிலிருந்து எண்ணுகிறேன், மெல்லியது முதலாவது, தடித்தது ஆறாவது. மேஜரிலிருந்து மைனருக்கு வர நடுவிரலை எடுத்தால் போதும். ஒரு விரல் மிச்சம், அப்போ சுலபம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்த நடுவிரல் பார்த்துக்கொண்டிருந்த மூன்றாவது தந்தி இப்போது ஆள்காட்டி விரலின் தலையில் விழுகிறது. ஐந்தாவதையும் நான்காவதையும் மூன்றாம் ஃபிரெட்டில் மோதிர விரலும் சுண்டு விரலும் பிடித்துக்கொள்ளும், அங்கே ஆள்காட்டி விரல் சும்மா படுத்திருந்தால் போதும். அது உண்மையாக அழுத்த வேண்டியது 6, 3, 2, 1. இதில் வம்பு என்னவென்றால், மற்ற ஐந்து தந்தியிலும் வருவது எஃப், சி இரண்டும்தான், அதாவது நம் கர்நாடக சங்கீதக் கணக்கில் 'ஸ'வும் 'ப'வும். மைனர் என்று சொல்ல வைக்கிற சாதாரண காந்தாரம் இருப்பது அந்த மூன்றாவது தந்தியில் மட்டும். அது அடைத்தால் நீங்கள் வாசிப்பது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. பக்கத்தில் பாடுகிறவருக்கு ஏதோ இடிக்கிற மாதிரி இருக்கும், ஏன் என்று சொல்லத் தெரியாது.

அது ஏன் குறிப்பாக அந்தத் தந்தி? ஆறு தந்தியையும் மூடிய கையை எடுத்து ஆள்காட்டி விரலின் உட்பக்கத்தைப் பாருங்கள், தந்தித் தடம் கோடு கோடாக இருக்கும். என் விரலில் ஐந்து கோடுதான் தெரிந்தது, மூன்றாவது தந்தியின் கோட்டைக் காணோம். நுனியிலிருந்து வரும் முதல் மடிப்பு இருக்கிறதே, அந்தப் பள்ளத்துக்குள் தந்தி சுகமாக உட்கார்ந்திருந்தது. எவ்வளவு அழுத்தினாலும் பள்ளம் பள்ளம்தானே. எனக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் "அழுத்துப்பா, அழுத்து" என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை, நானும் கட்டைவிரல் அடியில் வலி வரும்வரை அழுத்தினேன். கடைசியில் விரல் நுனியை ஆறாவது தந்திக்கு மேலே இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டி வைத்தேன், மடிப்பு இரண்டு தந்திகளுக்கு நடுவே போய்விட்டது. அன்றைக்கே சத்தம் வந்தது. உங்கள் விரலுக்கு நீட்டுவதற்குப் பதில் உள்ளே இழுக்க வேண்டியிருக்கலாம், தடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கூடவே விரலைத் தட்டையாக வைக்காமல் நட் (கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் உட்காரும் வெட்டுப் பட்டை) பக்கமாக லேசாக உருட்டி, எலும்பு இருக்கும் ஓரத்தால் பிடியுங்கள். ஃபிரெட் கம்பியை ஒட்டியே விரல் இருக்கட்டும். கிள்ளுகிற மாதிரி கட்டைவிரலால் நெருக்காமல் முழங்கையை விலாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, கையின் கனத்தால் பின்னால் இழுங்கள்.

அப்புறம், எடுத்த எடுப்பில் ஆறு தந்தியில் இறங்காதீர்கள். எதையும் பிடிக்காமல் கீழே உள்ள மூன்று மெல்லிய தந்திகளை மட்டும் மீட்டுங்கள், ஜி, பி, இ, அதுவே இ மைனர். அந்த மூன்றையும் ஒரே விரலால் ஐந்தாம் ஃபிரெட்டில் அழுத்தினால் ஏ மைனர், முதல் ஃபிரெட்டில் அழுத்தினால் உங்கள் எஃப் மைனர். ஒற்றை விரலில் முழு கார்டு! நான் ஒரு வாரம் இதை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டுக்கே வாசித்தேன், யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஐந்தாம் ஃபிரெட்டிலேயே 5-7-7-5-5-5 (ஆறாவது தந்தியிலிருந்து முதலாவது வரை ஃபிரெட் எண்கள்) என்று முழு வடிவம் பிடித்து, ஒவ்வொரு தந்தியாக மீட்டிச் சரிபார்த்து, சுத்தமாக வந்தபின் ஒரு ஃபிரெட் கீழே இறங்கினேன். நட்டை ஒட்டிய இடத்தில் தந்தி விறைப்பாக இருக்கும் என்பதால் முதல் ஃபிரெட் கடைசியில்தான்.

அதற்கும் மேல் கிட்டாரே உங்களுக்கு எதிராக வேலை செய்யலாம். மூன்றாம் ஃபிரெட்டில் ஒரு தந்தியை அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட் கம்பிக்கும் தந்திக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு இருந்தால் சரி. என்னுடைய மலிவு கிட்டாரில் தபால் அட்டையே நுழைந்தது. ரிப்பேர்காரரிடம் கொடுத்து நட்டின் வெட்டுகளைக் கொஞ்சம் ராவி, 12 கேஜ் தந்தியை இன்னும் மெல்லிய 10 கேஜாக மாற்றி வாங்கி வந்தபோது, இத்தனை நாள் எதற்கு இந்தத் தண்டனை என்று கோபமே வந்தது. நீங்களாக அரம் எடுத்து ராவாதீர்கள், கூடப் போனால் ஓப்பன் தந்தி கொரகொரக்கும்.

பி மைனர் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அது வேறு கதை, அங்கே ஆள்காட்டி விரலுக்கு ஐந்தாவதும் முதலாவதும் மட்டும்தான் பொறுப்பு, மைனர் ஸ்வரத்தை இரண்டாவது தந்தியில் நடுவிரல் பார்த்துக்கொள்ளும். எஃப் மைனர் படிந்தவருக்கு அது இரண்டு நாள் வேலை.