'பேருக்குத்தான் பொருளாளர்' என்கிறார்கள், ஏற்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 33. தண்டையார்பேட்டையில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். எங்கள் தொழில்முறைச் சங்கத்தின் வடசென்னைக் கிளையில் நான்கு வருடமாக உறுப்பினர். அடுத்த மாதப் பொதுக்குழுவில் புது நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூத்தவர் ஒருவர், "பொருளாளரா நில்லும்மா, போட்டி இருக்காது. பேருக்குத்தான், வேலையெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்கிறார். சங்கத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. ஆனால் பண விஷயத்தில் சிக்கல் வந்தால் கிளினிக்கும் பெயரும் போய்விடுமே என்று வீட்டில் பயப்படுகிறார்கள். ஏற்கலாமா?

பதில்: ஏற்கலாம். பல வருடங்களாகச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்களைப் போன்றவர்கள் வர வேண்டும். பயிற்சி வகுப்பு, கருத்தரங்கு என்றால் பெரும்பாலும் நுங்கம்பாக்கம், எழும்பூர்ப் பக்கம்தான். மாலை நேர நோயாளிகளை விட்டுவிட்டு எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் யார் அங்கே போய் வர முடியும்? கிளை ஒழுங்காக நடந்தால் அதே வகுப்பு ராயபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும். அதற்கு ஓடியாட இளைய ஆட்கள் தேவை.

ஆனால் அந்த 'பேருக்குத்தான்' என்ற வார்த்தையை ஒப்புக்கொள்ளாதீர்கள். தலைவர் பதவியைப் பேருக்கு வைத்துக்கொள்ளலாம், மேடையில் உட்கார்ந்தால் போதும். பொருளாளர் அப்படி இல்லை. வங்கியில் இருப்பது உங்கள் கையெழுத்து.

வீட்டில் பயப்படுவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். முறையாகப் பதிவான சங்கம் பட்ட கடன் பொதுவாகச் சங்கத்தின் கடன்தான். கருத்தரங்கில் நஷ்டம் வந்தது, மண்டபக்காரருக்குப் பாக்கி நிற்கிறது என்பதற்காக உங்கள் கிளினிக்கை யாரும் கேட்க முடியாது. நீங்களே கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டால்தான் வினை. அப்படி மாட்டிக்கொள்வதற்கு நான் பார்த்தவரை முதல் வழி, கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை.

இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதவில்லை. "நீங்க கிளினிக்ல பிஸியா இருப்பீங்க, பத்து லீஃப் கையெழுத்துப் போட்டு வச்சிடுங்க, அவசரத்துக்கு ஆகும்" என்று நிச்சயம் கேட்பார்கள். ஒரு தாளில்கூடப் போடாதீர்கள். தொகையை வேறொருவர் நிரப்பினார் என்பதெல்லாம் பிறகு எடுபடாது. விருப்பப்பட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையும் கடனுக்குக் கொடுத்ததாகவே முதலில் கருதப்படும், இல்லை என்று நிரூபிப்பது கையெழுத்திட்டவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. அது பணமில்லாமல் திரும்பி, நோட்டீஸ் வந்து 15 நாளில் பணம் கட்டாவிட்டால் காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் வழக்கு வரும். இரண்டு வருடம் வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். நீதிமன்றத்துக்கு அலையும்போது அந்த மூத்தவர் உங்களோடு வர மாட்டார்.

இரண்டாவது, பழைய கணக்கை எழுதி வாங்காமல் பொறுப்பேற்பது. சில வருடங்களுக்கு முன் ஒரு சங்கத்தின் பொருளாளர் மஞ்சள் பை நிறைய பில்களோடு மண்ணடியில் என் அலுவலகத்துக்கு வந்தார். பையை மேசையில் கவிழ்த்தோம். டீக்கடைத் துண்டுச்சீட்டு, பந்தல்காரர் பில், பேனர் அடித்த பில், ரப்பர் பேண்ட் போட்ட ரசீதுப் புத்தகங்கள். வரிசையாக அடுக்கினால் 1, 2, 3, 5. நான்காவது புத்தகம் இல்லை. அதில் 50 ரசீதுகள். யாரிடம் எவ்வளவு வசூலானது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் பதவிக்கு வரும் முன்பே அது போயிருந்தது. ஆனால் பொறுப்பேற்றபோது எதையும் எழுதி வாங்காததால், அவர் கையிலிருந்து தொலைந்ததாகத்தான் பொதுக்குழுவில் பேசினார்கள். அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் கணவர் அவர், நேர்மையான மனிதர். கடைசியில் கைக்காசைப் போட்டு முடித்துவிட்டு, சங்கம் பக்கமே வருவதில்லை.

எனவே ஒப்படைப்புப் பட்டியல் ஒன்று கேளுங்கள். ஒரே ஒரு தாள் போதும். ரசீதுப் புத்தகங்கள், பயன்படுத்தாத காசோலைகள் எண் வாரியாக, பொறுப்பேற்கும் நாள் வரையிலான வங்கி அறிக்கை, கையிருப்பு ரொக்கம், வைப்புநிதி ரசீதுகள், கடைசி மூன்று வருடத் தணிக்கை அறிக்கை, சங்கத்தின் பான் அட்டை. பழைய பொருளாளரும் செயலாளரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். இன்னொன்றையும் மறக்காமல் கேளுங்கள்: நெட்பேங்கிங் ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது? பதவி விட்டு மூன்று வருடமானவரின் போனுக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கும் சங்கங்கள் உண்டு.

சரி, தேர்வாகிவிட்டீர்கள். அப்புறம் படிவம் 7. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி நிர்வாகக் குழுவில் யார் வந்தாலும் போனாலும் அந்த மாற்றத்தை மூன்று மாதத்துக்குள் இந்தப் படிவத்தில் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். செயலாளர் உட்கார்ந்தால் ஒரு மாலை வேலை.

இந்த ஒரு மாலை வேலைக்குத்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். "உள்ளே ஆள் இருக்கு சார், ஒரு வாரத்துல முடிச்சுக் கொடுக்கிறேன்" என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். மனு கொடுத்த ஒப்புகையைக் காட்டி 'போட்டாச்சு' என்பார்கள். மனு கொடுத்தது வேறு, அது கோப்பில் ஏற்கப்பட்டது வேறு. ஏதோ ஒரு தீர்மான நகல் குறைகிறது என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள், அந்தக் கடிதம் தரகர் பையிலேயே கிடக்கும். சான்றிட்ட நகல் கையில் வாங்கிப் பார்க்கும் வரை முடிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அலுவலகத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். இணையத்தில் மனு என்று அறிவித்து வருடங்களாகிவிட்டன. ஆனாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு செயலாளரை ஒரு படிவத்துக்காக நான்கு முறை அலைய விட்டால், அவர் ஐந்தாவது முறை தரகரிடம் போகாமல் என்ன செய்வார்? தேர்தலில் தகராறு என்று போய் நின்றாலோ, யார் ஜெயித்தது என்று தீர்மானிக்கும் அதிகாரம் பதிவாளருக்குக் கிடையாது, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்பார்கள். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. பத்து பேர் நேரம் ஒதுக்கி நடத்தும் ஒரு சங்கத்துக்கு சிவில் கோர்ட் என்பது எத்தனை வருடம் என்று நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அதுதான் முக்கியமாக இருக்கலாம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நான் மேலே சொன்ன படிவம் 7 எல்லாம், கிளையே தனியாகப் பதிவாகியிருந்தால்தான். பல தொழில்முறைச் சங்கங்களில் தலைமைச் சங்கம் மட்டும் பதிவாகியிருக்கும், கிளை அதன் ஒரு கை மாதிரி. அப்படியானால் உங்கள் பெயர் பதிவாளரிடம் போகாது. தலைமை எழுத்தில் கொடுக்கும் அதிகாரம்தான் உங்களுக்கு அடையாளம், வங்கிக் கணக்கும் தலைமையின் பான் எண்ணில்தான் இருக்க வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இதிலும் பாதுகாப்பு இருக்கிறது, கவலையில்லை.

கவலைப்பட வேண்டியது மூன்றாவது வகை. கிளையும் பதிவாகவில்லை, தலைமையும் தனிக்கணக்குக்கு அனுமதி தரவில்லை. இரண்டு நிர்வாகிகள் தங்கள் சொந்தப் பெயரில் கூட்டுச் சேமிப்புக் கணக்கு தொடங்கி அதில் சந்தா வாங்குகிறார்கள். "நம்ம பசங்கதானே" என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்தக் கணக்கில் வரும் வட்டி முதல் பெயர்க்காரரின் பான் எண்ணில் ஏறும். கருத்தரங்குக்கு மருந்துக் கம்பெனி கொடுத்த பணமும் அவர் கணக்கில் வந்த பணமாகத்தான் வருமான வரித்துறைக்குத் தெரியும். அது சங்கப் பணம் என்று காட்டுவது அவர் பாடு. உங்கள் கிளை இந்த வகை என்றால் பொருளாளர் பதவி வேண்டாம். கண்டறிவது எளிது: ஒரு காசோலைத் தாளைப் பாருங்கள். கையெழுத்திடும் இடத்துக்கு மேல் சங்கத்தின் பெயர் அச்சாகியிருக்கிறதா, இரண்டு மனிதர்களின் பெயரா?

நேரம் பற்றி வீட்டில் கேட்டால், வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் சின்னக் கிளைக்குப் போதும். அன்றன்றைய வரவு செலவை அன்றே எழுதுங்கள். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் தணிக்கை செய்த கணக்கைப் பொதுக்குழுவில் வைக்க வேண்டும், அந்த நேரத்தில் மட்டும் இரண்டு ஞாயிறு போகும்.

இப்போது அந்த மூத்தவரிடம் போய் மரியாதையாகவே கேளுங்கள்: "சார், நிக்கிறேன். அதுக்கு முன்னாடி போன வருஷத் தணிக்கை அறிக்கையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ஒரு தடவை பாக்கணும்." எடுத்துக் கொடுத்தால் வேட்புமனுவில் கையெழுத்துப் போடுங்கள். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றால், இந்த முறை செயற்குழு உறுப்பினராக மட்டும் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, ராயபுரத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நடத்தும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்.