ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்காக அரியலூர் போகலாமா?

கேள்வி: என் மகன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்தவன். மன்னார்குடிக்கு அருகே ஒரு நவீன அரிசி ஆலையில் மாதம் 15,000 ரூபாய் வாங்குகிறான்; பிடித்தம் எதுவும் இல்லை. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் ஒப்பந்தக்காரர் மூலம் 16,500 தருவதாகச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

பதில்: அந்த ஆயிரத்து ஐநூறு உங்கள் மகன் கைக்கு வரப்போவதில்லை. 16,500 என்பது பெரும்பாலும் பிடித்தத்துக்கு முந்தைய தொகைதான். வருங்கால வைப்பு நிதிக்கு 15,000 ரூபாய் வரம்பில் 12 சதவீதம், அதாவது 1,800 போகும். இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், ஏறத்தாழ 124 ரூபாய். மிச்சம் 14,576. அதில்தான் அறை வாடகையும் மெஸ் சாப்பாடும். ஆனால் வேலை கொடுப்பவரும் வைப்பு நிதிக்குத் தன் பங்காக 1,800 கட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். இப்போதைய ஆலையில் 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் ‘பிடித்தம் இல்லை’ என்பது சலுகை அல்ல, சட்ட மீறல்.

இன்றைய சம்பளத்தைவிடப் பத்தாண்டு கழித்து என்ன கிடைக்கும் என்பதே பெரிய கேள்வி. பேச்சுக்கு, அரிசி ஆலையில் ஆண்டுக்கு 5 சதவீதம், சிமென்ட் ஆலையில் 8 சதவீதம் உயர்வு என்று வையுங்கள். முன்னது சுமார் 24,400 ஆகும், பின்னது 35,600. விலைவாசியும் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், அந்த 24,400க்கு இன்றைய 15,000 ரூபாய்ச் சரக்குதான் வரும். பத்தாண்டு உழைத்தும் நின்ற இடத்திலேயே நிற்பான்.

ஒரே திருப்புளி, ஒரே மல்டிமீட்டர். கூலி மட்டும் ஏன் தொழிலுக்குத் தொழில் மாறுகிறது? அரிசி ஆலையின் செலவில் பெரும்பகுதி நெல்லுக்கே போய்விடுகிறது. அரைத்து மிஞ்சும் லாபம் மெலிது. அதிலிருந்துதான் சம்பளம் வர வேண்டும். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் மோட்டார் எரிந்தால் அரைநாள் அரவை நிற்கும், அவ்வளவுதான். சிமென்ட் ஆலையின் சுழல் சூளைக்குள் ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பம். அதைச் சுழற்றும் மோட்டார் நின்றால் சூளை உடல் வளையும், உள்ளே பதித்த செங்கல் உதிரும். மறுபடி சூடேற்ற ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அந்த இழப்புக்குப் பயந்துதான் நிர்வாகம் நல்ல எலக்ட்ரீசியனைக் கூடுதல் சம்பளம் கொடுத்து நிறுத்திக்கொள்கிறது.

எந்தத் தொழில் அதிகக் கூலி தரும் என்ற இந்த வரிசை எளிதில் மாறாது. அமெரிக்கப் பொருளியலாளர் சம்னர் ஸ்லிக்டர் 1923ஆம் ஆண்டின் தொழில்வாரிக் கூலியை 1946ஆம் ஆண்டின் கூலியோடு ஒப்பிட்டார். இடையே பெருமந்தமும் உலகப் போரும் வந்து போயின. ஆனாலும் முன்பு அதிகம் கொடுத்த தொழில்களே பெரும்பாலும் பின்பும் அதிகம் கொடுத்தன. நம் நாட்டின் தொழிற்சாலைகள் ஆண்டாய்வைப் புரட்டினாலும் பெட்ரோலிய சுத்திகரிப்பும் உலோகமும் மேலே, பீடியும் ஆயத்த ஆடையும் கீழே என்றே பல ஆண்டுகளாக இருக்கிறது.

டெல்டாக்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல். இரும்பு, தாமிர உருக்காலைகள் போன்றவை புதிதாக வருவதை 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடுக்கிறது. (சட்டத்தை நான் குறை சொல்லவில்லை, மண்ணும் தண்ணீரும் முதலில் வேண்டும்.) ஆகவே கூடுதல் சம்பளம் தரும் கனரகத் தொழிலைத் தேடினால், மண்டலத்துக்கு வெளியே உள்ள அரியலூருக்கோ திருச்சிக்கோ போக வேண்டியிருக்கிறது. திருச்சி என்றால், பெல் (BHEL) பாய்லர் ஆலைக்கு வேலை செய்துதரும் பட்டறைகள் உள்ள துவாக்குடியையும் நினைவில் வையுங்கள். அனல்மின் நிலையங்களுக்கான பாய்லர் ஆர்டர்கள் 2010களில் குறைந்தபோது, அவற்றையே நம்பியிருந்த சிறு பட்டறைகள் படுத்துவிட்டன. தொழில் உயர்ந்த வரிசையில் இருந்தாலும் ஒரே வாடிக்கையாளரை நம்பிய பட்டறைக்கு அது உதவவில்லை.

நீங்கள் கவனிக்காத சொல் ‘ஒப்பந்தக்காரர்’. நான் மேலே போட்ட 8 சதவீதக் கணக்கு நிரந்தரத் தொழிலாளிக்கே பொருந்தும். ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பெரும்பாலும் குறைந்தபட்சக் கூலியும், விலைவாசிக் குறியீட்டை வைத்து ஏப்ரல்தோறும் அரசு மாற்றும் அகவிலைப்படியும்தான். ஆலைக்குள் இருந்தாலும் ஆலையின் சம்பளம் அவனுக்கு எட்டாது. நாட்டின் பதிவுபெற்ற ஆலைகளில் இன்று ஐந்தில் இருவர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள்.

ஆகவே இந்த 16,500க்கு இப்போது அனுப்பாதீர்கள். அதே ஆலையில் நேரடியாகத் தொழிற்பழகுநராக (அப்ரண்டிஸ்) சேர முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். உதவித்தொகை குறைவுதான். ஆனால் பயிற்சியும் தேர்வும் முடிந்தால் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதற்கு மதிப்பு உண்டு. அந்தப் பயிற்சி இடம் கிடைக்கும்வரை இருக்கிற அரிசி ஆலையிலேயே கலர் சார்ட்டர் இயந்திரத்தின் பராமரிப்பைக் கற்றுக்கொள்ளட்டும். கேமராவால் ஒவ்வொரு அரிசியையும் பார்த்துக் கறுத்துப்போன அரிசியைக் காற்றால் ஊதித் தள்ளும் அந்த இயந்திரம் பழுதானால் வெளியூர் மெக்கானிக்குக்காகக் காத்திருக்கும் ஆலைகள் நம் பக்கம் ஏராளம். அதைச் சரிசெய்யத் தெரிந்தவன் அரிசி ஆலை முதலாளியிடமும் சம்பளத்தைக் கேட்டு வாங்கலாம்.

ஒப்பந்த வேலைக்கே போவதென்று முடிவானால், அங்கே ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் இரண்டு ஒப்பந்த எலக்ட்ரீசியன்களைப் பார்த்து, அவர்களோடு சேர்ந்தவர்களில் யாராவது நிரந்தரமாக்கப்பட்டார்களா என்று விசாரித்துவிட்டுப் பெட்டியைக் கட்டட்டும்.