வான்கோழி அவயத்துக்கு உட்கார மாட்டேன் என்கிறதா? கேள்விகளும் என் பதில்களும்

காங்கேயத்துக்குத் தெற்கே, கொறங்காடு என்கிற வேலி போட்ட மேய்ச்சல் காட்டுக்கு நடுவில் எங்கள் தோட்டம். நாட்டுக்கோழியோடு வான்கோழியும் வளர்க்கிறேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒன்றையே சுற்றிச்சுற்றி வருவதால், அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கோழி முட்டை மேல் உட்கார்ந்து சூடு கொடுத்துப் பொரிப்பதை மற்ற ஊர்களில் அடை என்பார்கள், எங்கள் பக்கம் அவயம் என்போம். எனக்கு அந்த வார்த்தைதான் வாயில் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெருந்துறை: அக்கா, ஆறு பெட்டை, ஒரு சேவல் இருக்குதுங்க. ரெண்டு மாசமா முட்டை போடுது. தினமும் எடுத்துட்டு வந்துடறோம். ஒண்ணுகூட அவயத்துக்கு உட்காரலை. என்ன குறை?

குறை கோழியிடம் இல்லை தம்பி, தினமும் முட்டை எடுக்கும் கையில்தான். வான்கோழிக்கு அவயப் புத்தி இயல்பிலேயே அதிகம். பெரிய பண்ணைக்காரர்கள் அதை விரட்டத்தான் பாடுபடுகிறார்கள், உட்கார்ந்துவிட்டால் முட்டை நின்றுபோகும் என்று. அவர்கள் விரட்டச் செய்வது இரண்டு வேலை: முட்டையை உடனுக்குடன் எடுப்பது, கூட்டை வெளிச்சமாகவும் ஆள் நடமாட்டத்தோடும் வைப்பது. தெரியாமல் நீங்களும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

கூட்டில் முட்டை சேர்ந்து, நெஞ்சில் தட்டுப்பட வேண்டும். அப்போதுதான் அதற்கு உட்காரும் எண்ணம் வரும். நல்ல முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பதிலுக்கு ஏதாவது வைத்துவிட்டு எடுங்கள். நான் அமராவதி ஆற்றிலிருந்து பொறுக்கிய வெள்ளைக் கூழாங்கல் ஏழெட்டு வைத்திருக்கிறேன். கல்லுக்கும் முட்டைக்கும் அதற்கு வித்தியாசம் தெரிவதில்லை. அவித்த முட்டை வைக்காதீர்கள், நாறிப்போகும்.

அடுத்தது இடம். நாட்டுக்கோழிக்குக் கட்டித் தொங்கவிடுவது போல உயரத்தில் கூடை வைத்தால் சரிவராது. வான்கோழி தரையில் கூடு வைக்கிற ஜாதி. சாளையின், அதாவது தோட்டத்துக் குடிசையின், இருட்டு மூலையில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடம், நாலு விரல் கனத்துக்கு மணல், நடுவில் கையால் அழுத்தி ஒரு குழி, மேலே வைக்கோல். குழி இருந்தால்தான் முட்டை உருண்டு வெளியே போகாது. முன்னால் சோளத்தட்டை சாய்த்து மறைத்துவிடுங்கள். உள்ளே போய்த் திரும்பி உட்கார்ந்தால் அதன் தலை மட்டும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் முட்டையிடும். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள். சாயங்காலம் போய் எடுங்கள்.

இரண்டு மூன்று இரவு கூட்டிலேயே தங்கி, கிட்டே போனால் இறகைச் சிலுப்பிக்கொண்டு புஸ்ஸென்று சீறினால் காரியம் ஆயிற்று. அன்று இருட்டிய பிறகு கல்லை எடுத்துவிட்டு முட்டைகளை வையுங்கள்.

தாராபுரம்: எங்களது கிளுவை வேலிக்குள்ள போய் முட்டை வெச்சுட்டு இருக்குதுங்க. கீரி பயமா இருக்கு. எடுத்து வீட்டுக்குள்ள வெச்சா உட்காருமா?

முட்டையிடும் பருவத்தில் கூட்டை மாற்றினால், உங்களுக்குத் தெரியாத வேறு வேலிக்குப் போய்விடும். முழுதாக உட்கார்ந்த பிறகு மாற்றலாம். இரவில், ஒருவர் கோழியையும் ஒருவர் முட்டையையும் தூக்கி, புதுக் கூட்டில் வைத்துக் கொடாப்பை, அதாவது கோழியைக் கவிழ்த்து மூடும் பெரிய கூடையை, போட்டு ஒரு நாள் மூடி வைக்க வேண்டும். பக்கத்திலேயே தண்ணீர்.

நான் இப்போது மாற்றுவதே இல்லை. இருந்த இடத்திலேயே பெரிய கொடாப்பைக் கவிழ்த்து, மேலே ஒரு கல், சுற்றிலும் வெள்ளவேல முள். ஒரு வருடம் சோம்பலில் கல் வைக்காமல் விட்டேன். விடிந்து பார்த்தால் கொடாப்பு ஒரு பக்கம், ஓடுகள் ஒரு பக்கம். பதின்மூன்று முட்டை. கோழி தப்பித்து வேலி மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பொள்ளாச்சி: எத்தனை முட்டை வைக்கலாம்? உட்காரும் வரை முட்டையை எப்படிப் பத்திரப்படுத்துவது?

பத்து, பன்னிரண்டு. உடம்பு பெரிதாக இருந்தால் பதினைந்து. கோழியின் இறக்கைக்கு வெளியே ஒரு முட்டைகூடத் தெரியக் கூடாது, அதுதான் கணக்கு. பேராசைப்பட்டு இருபது வைத்தால், உருட்டும்போது ஓரத்து முட்டை மாறிமாறிச் சூடு ஆறி, எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் கெடும்.

வான்கோழி முட்டை சுமார் 85 கிராம் இருக்கும். கழுவாமல், கூர்முனை கீழே இருக்கும்படி முறத்தில் உமி பரப்பி அடுக்குங்கள். தினம் ஒரு தடவை சாய்வை மாற்றுங்கள். ஏழு நாளைக்கு மேல் வைக்க வேண்டாம். பங்குனி சித்திரையில் நாலைந்து நாளே அதிகம். நம் ஊர் வெயிலில் கோழி உட்காராமலேயே உள்ளே கரு கிளம்பி, பாதியில் செத்துப்போகும். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் குளிர்ந்த தரைதான் நல்ல இடம். மேலே பென்சிலால் தேதி எழுதுங்கள். ஸ்கெட்ச் பேனா வேண்டாம்.

அந்தியூர்: இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று அப்பத்தா கூட்டில் இரும்பும் அடுப்புக்கரியும் போடச் சொல்கிறார்.

போடுங்கள், அப்பத்தா மனம் குளிரட்டும். இரும்பு, முட்டையில் இடிக்காத அளவு சின்னதாக இருக்கட்டும். கூடவே ஒரு கைப்பிடி நொச்சி இலையும் சாம்பலும் போடுங்கள், அது பேனுக்கு நல்லது.

கரூர்: இருபது நாளாகிறது. எழுந்து தீனி எடுக்கவே மாட்டேன் என்கிறது. மெலிந்துவிட்டது.

சில கோழிகள் அப்படித்தான், செத்தாலும் எழாது. தினமும் ஒரே நேரத்தில், காலை வெயில் ஏறுவதற்குள், இறக்கைக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கி வெளியே விடுங்கள். இறக்கை இடுக்கில் முட்டை ஒட்டிக்கொண்டு வரும், தூக்கும்முன் தடவிப் பாருங்கள். கம்பு, சோளம், தண்ணீர், பக்கத்தில் புரண்டு குளிக்கப் புழுதி. கால் மணி, இருபது நிமிடம் வெளியே இருந்தால் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. தானியம் தின்றால் எச்சம் கட்டியாக விழும், கூடும் நாறாது. இன்னும் எட்டு நாள் இருக்கிறது. நாட்டுக்கோழிக்கு 21 நாள், வான்கோழிக்கு 28. இருபத்திரண்டாம் நாளே முட்டையை உடைத்துப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர், அதனால் சொல்கிறேன்.

கோபி: நாட்டுக்கோழியில் வான்கோழி முட்டை வைக்கலாமா அக்கா?

வைக்கலாம் அம்மிணி. நாலைந்துக்கு மேல் வேண்டாம். ஏழு நாள் கூடுதல் என்று அது கணக்குப் பார்ப்பதில்லை, நல்ல அவயக்கோழி என்றால் உட்கார்ந்திருக்கும். என் தயக்கம் பொரித்த பிறகுதான். நாட்டுக்கோழியின் குடல்புழு முட்டை வழியாக வான்கோழிக்குக் கருந்தலை நோய் வரும். கோழி ஒன்றும் ஆகாமல் மேய்ந்துகொண்டிருக்கும், வான்கோழிக் குஞ்சு கந்தக மஞ்சளில் கழிந்து ஈரல் கெட்டுச் சாகும். கோழி மேய்ந்த பழைய மண்ணில் குஞ்சை விடாதீர்கள்.

உடுமலை: பன்னிரண்டில் எட்டு கூமுட்டை, கருவே இல்லை. கோழி சரியாகத்தான் உட்கார்ந்தது.

அப்படியானால் சேவலைப் பாருங்கள். ஒரு சேவலுக்கு ஐந்து பெட்டை, பெரிய கனத்த ஜாதி என்றால் மூன்று. தின்று கொழுத்த அகல நெஞ்சுச் சேவல் ஏறவே முடியாமல் தடுமாறும். பெட்டையின் முதுகில் இறகு உதிர்ந்து கீறல் இருந்தால் சேவலின் நகத்தை மழுங்க வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் பயந்துபோய்ப் பெட்டை படியாது.

பத்தாம் நாள் இருட்டில் செல்போன் டார்ச் மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். சிலந்தி மாதிரி சிவப்பு நரம்பு ஓடினால் உயிர், வெறும் மஞ்சளாக இருந்தால் எடுத்துவிடுங்கள். வான்கோழியில் ஒரு வேடிக்கை உண்டு. சேவலே சேராத முட்டையில்கூடச் சில நேரம் கரு தானாகக் கிளம்பும். அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வெள்ளை ஜாதியில் இதைக் கண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாம் பாதியில் செத்துவிடும். அதனால் சேவல் வாங்கும் செலவு மிச்சம் என்று நினைக்க வேண்டாம்.

சத்தியமங்கலம்: ஒன்பது குஞ்சு பொரித்தது. ஒரு வாரத்தில் ஆறு போய்விட்டது. தீனி அப்படியே இருக்கிறது, தின்னவே இல்லை.

படிக்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் இது நோய் இல்லை, பட்டினி. வான்கோழிக் குஞ்சுக்கு முதல் சில நாள் கண் சரியாகத் தெரியாது, எது தீனி என்றும் தெரியாது. தட்டில் குவித்து வைத்தால் அதன் மேலேயே நின்றுகொண்டு சாகும்.

பொரித்து முதல் நாள் தாயின் கீழேயே விட்டுவிடுங்கள். மறுநாள் முதல் அவித்த முட்டையைப் பொடியாக நசுக்கி, பத்துக் குஞ்சுக்கு ஒரு முட்டை, பொடியாக அரிந்த வெங்காயத் தாளோடு கலந்து வையுங்கள். பச்சைக்கு அவை ஓடி வரும். லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால் கலந்து வையுங்கள். தண்ணீர்த் தட்டில் கலர் கோலிக்குண்டு நாலு போடுங்கள், மினுக்கத்தைக் கொத்தப் போய்க் குடிக்கக் கற்றுக்கொள்ளும், தட்டில் விழுந்தும் சாகாது. கொத்தாத குஞ்சின் மூக்கை நீங்களே தொட்டு நனைக்க வேண்டும். நாளைக்கு ஐந்தாறு தடவை, இரண்டு வாரத்துக்கு.

தாயோடு மேய்ச்சலுக்கு விட்டது இன்னொரு தவறு. அது பனி காயாத புல்லுக்குள் கூட்டிக்கொண்டு போகும். நனைந்த குஞ்சு பிழைக்காது. மூன்று வாரம் தாயைக் கொடாப்பிலேயே அடைத்து வையுங்கள், குஞ்சு தானாகச் சுற்றி வரட்டும். மிச்சமிருக்கும் மூன்றுக்கு இன்று இரவே முட்டை அவித்துவிடுங்கள்.