துபாய் வழியாகவா, நேரடியாகவா?

சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானத்தை விட்டுவிட்டு துபாய் வழியாகப் போனால் விமானம் வெளியிடும் கார்பன் இரண்டு மடங்காகுமா என்று கேட்டிருந்தீர்கள். அவ்வளவெல்லாம் இல்லை. நேராக அளந்தால் சுமார் 8,200 கிலோமீட்டர்; துபாய் வழியாக 8,400-ஐ ஒட்டி வரும். துபாய் கிட்டத்தட்ட போகிற வழியில்தான் இருக்கிறது.

கூடுதல் எரிபொருள் செலவு இரண்டாவது தடவை மேலேறுவதில்தான். ஏறும்போதுதான் இன்ஜின் எரிபொருளை அள்ளிக் குடிக்கும். ஆனால் முழுத் தூரத்துக்குமான எரிபொருளை முதலிலேயே நிரப்பினால், அந்த எடையைச் சுமக்கவே அதில் ஒரு பங்கு எரிந்துபோகும். இரண்டு துண்டாகப் பறந்தால் அது கொஞ்சம் மிச்சம்.

அப்புறம், எந்த விமானம் என்று புக் பண்ணும்போதே பாருங்கள். துபாய்–லண்டனுக்கு ஏ380 வந்தால் நான்கு இன்ஜின். இருக்கைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் இரண்டு இன்ஜின் போயிங் 787 பொதுவாகச் சிக்கனம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் நேரடியாகவே போங்கள்.

சிங்கப்பூர் வழியாக மலிவாகக் கிடைத்தால் மட்டும் வேண்டவே வேண்டாம். கிழக்கே போய்விட்டுத் திரும்ப மேற்கே, 13,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்!